ஸ்வால்பார்டின் இயற்கை வளங்கள்: தகவல் திரட்டுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

நார்வேயின் வடகரைக்கும் வட துருவத்துக்கும் ஏறக்குறைய நடுவில் கிடக்கிறது ஸ்வால்பார்ட். பரப்பு சுமார் 61,000 சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கு மேல் பனியாறுகள் மூடிக்கிடக்கின்றன. 1596-இல் வில்லெம் பாரென்ட்ஸ் என்ற டச்சு மாலுமி இதைக் கண்டதிலிருந்து திமிங்கிலம், வால்ரஸ், நரி, நிலக்கரி, எண்ணெய், நண்டு என்று ஏதாவது ஒன்றைத் தேடி ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். அதனால் இந்தத் தீவுகளைப் பற்றித் தகவலுக்குப் பஞ்சமே இல்லை. அந்தத் தகவல்கள் நானூறு ஆண்டுகளாகப் பல மொழிகளில், பல நோக்கங்களோடு எழுதப்பட்டவை என்பதுதான் சிக்கல். முதலீட்டாளரைக் கவர எழுதியதும் இருக்கும், ஆய்வாளர் அளந்து எழுதியதும் இருக்கும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்தால் நம் கட்டுரையும் கெடும், ஆய்வும் கெடும்.

ஆர்க்டிக் பற்றி எழுத விரும்பும் மாணவர்கள், பத்திரிகையாளர்கள், ஆய்வுக்குப் போகத் தயாராகிறவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரும்பாலான வேலையை வீட்டிலிருந்தே செய்ய முடியும்.

படி 1: எதைத் தேடுகிறோம் என்று எல்லை போடுங்கள்

ஸ்வால்பார்ட் ஒரு தீவுக்கூட்டம். ஸ்பிட்ஸ்பெர்கன் அதில் பெரிய தீவு. ஆனால் 1920-களுக்கு முந்தைய ஆவணங்கள் முழுக் கூட்டத்தையுமே ஸ்பிட்ஸ்பெர்கன் என்றுதான் சொல்லும். தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள். விரிகுடாக்களுக்கும் மலைகளுக்கும் டச்சு, ஆங்கில, ரஷ்யப் பெயர்கள் தனித்தனியாக உண்டு. நார்வே துருவ ஆய்வு நிறுவனம் ஓர் இடப்பெயர்த் தரவுத்தளம் வைத்திருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் அதன் பழைய வடிவங்களும் ஆயத்தொலைவுகளும் அதில் கிடைக்கும். அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

அப்புறம் ஓர் அட்டவணை. எந்த வளத்தைப் பற்றிப் படித்தாலும் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வளம், எங்கே, யார் சொன்னது, எந்த ஆண்டு, எப்படித் தெரிந்துகொண்டார்கள். இந்த ஐந்தாவது கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். மலைச்சரிவில் கண்ணால் பார்த்ததா, குழி தோண்டிப் பார்த்ததா, துளையிட்டு மாதிரி எடுத்ததா, விமானத்திலிருந்து எண்ணியதா? அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும் தகவலை எவ்வளவு பெரிய ஆள் சொல்லியிருந்தாலும் அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

படி 2: பாறைக்கு முன் சட்டத்தைப் படியுங்கள்

பலரும் நேராகப் புவியியல் வரைபடத்துக்குப் போய்விடுகிறார்கள். ஸ்வால்பார்டைப் பொறுத்தவரை அது தலைகீழ் வழி. இங்கே ஒரு வளம் இருப்பது ஒரு விஷயம், அதை யார் எடுக்கலாம் என்பது வேறு விஷயம்.

1920 பிப்ரவரி 9 அன்று பாரிஸில் ஓர் உடன்படிக்கை கையெழுத்தானது. 1925-இல் அது நடைமுறைக்கு வந்தது. தீவுக்கூட்டத்தின் இறையாண்மை நார்வேக்கு. ஆனால் கையெழுத்திட்ட நாடுகளின் குடிமக்களுக்கும் நிறுவனங்களுக்கும் மீன்பிடிப்பு, வேட்டை, சுரங்கம், வணிகம் ஆகியவற்றில் சம உரிமை. இங்கே வசூலிக்கும் வரியை இங்கேயே செலவிட வேண்டும். கடற்படைத் தளமோ அரணோ அமைக்கக் கூடாது. இந்தியாவும் அன்றே இதில் சேர்ந்திருந்தது, பிரிட்டிஷ் பேரரசின் பகுதியாக. அந்தக் கையெழுத்து இன்றும் செல்லும்.

அதோடு 1925-இல் வந்த சுரங்க விதிகளையும், 2002 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். நிலப்பரப்பில் ஏறத்தாழ 65 சதவீதம் தேசியப் பூங்காவாகவோ காப்பகமாகவோ ஆகிவிட்டது. 1946-க்கு முந்தைய மனிதத் தடயம் எதுவாயினும், துருப்பிடித்த தண்டவாளமாக இருந்தாலும், அது தானாகவே பாதுகாக்கப்பட்ட சின்னம். அதைச் சுற்றி 100 மீட்டருக்கும் பாதுகாப்பு உண்டு. உங்கள் அட்டவணையில் ஆறாவதாக ஒரு கட்டம் சேருங்கள்: இன்றைய சட்டத்தில் இந்த இடத்தின் நிலை என்ன?

படி 3: வரைபடத்தைத் தேதியோடு பாருங்கள்

நார்வே துருவ ஆய்வு நிறுவனத்தின் டோபோஸ்வால்பார்ட் என்ற இணைய வரைபடம் இலவசம். முப்பரிமாணத்தில் மலைகளைச் சுற்றிப் பார்க்கலாம். பல இடங்களின் நிழற்படங்களும் அதில் இணைந்திருக்கின்றன. ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள் படங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் குளிர்காலப் படங்களை நம்பி உட்காராதீர்கள். அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி நடு வரை ஸ்வால்பார்டின் முக்கியக் குடியிருப்பான லாங்யர்பியனில் சூரியன் எழுவதே இல்லை. ஜூலை, ஆகஸ்டில் எடுத்த, மேகமற்ற படங்களைத் தேடுங்கள். பாறை வெளியே தெரிவது அந்த நாட்களில்தான்.

எந்த வரைபடத்தையும் எடுத்த ஆண்டைப் பார்க்காமல் பயன்படுத்தாதீர்கள். காங்ஸ்ஃபியோர்டன் என்பது ஸ்பிட்ஸ்பெர்கனின் மேற்குக் கரையிலுள்ள ஒரு ஃபியோர்டு, அதாவது நிலத்துக்குள் நீளும் கடல்நுழைவு. அங்கே புளோம்ஸ்ட்ரான் என்று ஓர் இடம். தீபகற்பம் என்றே பழைய வரைபடங்கள் காட்டின. ஒரு பனியாறு அதை நிலத்தோடு இணைத்திருந்ததால் அப்படித் தோன்றியது. 1990-களின் தொடக்கத்தில் பனியாறு பின்வாங்க, நடுவே கடல் புகுந்து, அது ஒரு தீவு என்று தெரியவந்தது. பனியாறு பின்வாங்கிய இடத்தில் புதிய கடற்கரையும் புதிய பாறையும் வெளிப்படுகின்றன. 1980-களின் வரைபடத்தை வைத்துக்கொண்டு இன்றைய கரையோரத்தைப் பற்றி எழுதினால் இல்லாத பனியின் மேல் நடக்க வேண்டிவரும்.

இதற்கு ஒரு பெரும் புதையல் இருக்கிறது. 1936-லும் 1938-லும் நார்வே ஆய்வாளர்கள் விமானத்திலிருந்து சாய்கோணத்தில் ஆயிரக்கணக்கான படங்கள் எடுத்தார்கள். வரைபடம் போடுவதுதான் அன்றைய நோக்கம். அவற்றைக் கணினியில் இணைத்து அன்றைய பனியாறுகளின் உயரத்தை மீட்டெடுத்த ஓர் ஆய்வு 2022-இல் வெளியானது. 2100-க்குள் பனி மெலியும் வேகம் கடந்த காலத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்பது அதன் கணிப்பு. வரைபடத்துக்காக எடுத்த படம் எண்பது ஆண்டுக்குப் பின் பனியாறுகளின் மெலிவைக் கணக்கிட உதவியிருக்கிறது. பழைய படங்களைப் பழையது என்று ஒதுக்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

படி 4: பாறை வளம். தோற்றுப்போன சுரங்கங்களிலிருந்து தொடங்குங்கள்

வெற்றி பெற்ற சுரங்கம் அங்கே என்ன இருந்தது என்று சொல்லும். தோற்ற சுரங்கமோ எந்த அனுமானம் தவறிப்போனது என்று காட்டிக்கொடுக்கும். ஸ்வால்பார்டில் இரண்டாவது வகைதான் அதிகம்.

மேலே சொன்ன அதே புளோம்ஸ்ட்ரானில் எர்னஸ்ட் மான்ஸ்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயர் பளிங்குக்கல்லைக் கண்டார். லண்டன் முதலீட்டில் நார்தர்ன் எக்ஸ்ப்ளோரேஷன் கம்பெனி அங்கே 1911-இல் குவாரி தொடங்கியது. குடியிருப்பு எழுந்தது, பளு தூக்கி வந்தது, நீராவிக் கொதிகலன் வந்தது, தண்டவாளம் வந்தது. கல் பார்வைக்கு அழகு. ஆனால் உறைந்தும் உருகியும் பல்லாயிரம் ஆண்டுகள் கழிந்ததில் உள்ளே முழுக்க விரிசல். உறைபனி பிடித்து வைத்திருந்தவரை உறுதியாக நின்ற கல், பனி விட்டதும் உதிர்ந்தது. எந்திரங்கள் இன்றும் அங்கேயே துருப்பிடித்துக் கிடக்கின்றன. வீடுகளில் சிலவற்றைப் பின்னாளில் எதிர்க்கரையிலுள்ள நீ-ஓலெசுன் குடியிருப்புக்கு நகர்த்திவிட்டார்கள். மேற்பரப்பில் அழகாகத் தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை முடிவு செய்தார்கள். அதுவும் ஆண்டு முழுக்க உறைந்தே கிடக்கும் உறைநிலத்தில்.

ஈஸ்ஃபியோர்டன் என்ற இன்னொரு ஃபியோர்டின் பக்கம் ஸ்கான்ஸ் விரிகுடாவில் ஜிப்சம் எடுக்க 1918-இல் முயன்றார்கள். மேலே ஜிப்சம்தான். உள்ளே போகப் போக நீரில்லாத அன்ஹைட்ரைட். சந்தைக்கு வேண்டியது அதுவல்ல. அந்த முயற்சியும் நின்றது.

ஆகவே, எந்தக் கனிமத்தைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மாதிரி எத்தனை ஆழத்திலிருந்து வந்தது? உறைநிலத்துக்கு உள்ளிருந்தா, கீழிருந்தா? உறைநிலத்தின் தடிமன் பள்ளத்தாக்குகளில் சுமார் 100 மீட்டர், உயர்ந்த மலைகளில் 400 மீட்டருக்கும் மேல். உருகிய பிறகு அந்தக் கல்லை யாராவது சோதித்தார்களா?

நிலக்கரியைப் பற்றித் திரட்டுவது இதைவிட எளிது, ஏனென்றால் நூறாண்டுக்கும் மேலான உற்பத்திக் கணக்கே இருக்கிறது. ஆனால் நிலக்கரி என்று பொதுவாக எழுதாதீர்கள், வயதைக் குறிப்பிடுங்கள். லாங்யர்பியனைச் சுற்றியுள்ள நிலக்கரி பேலியோசீன் காலத்தது, சுமார் 6 கோடி ஆண்டுப் பழமை. பிரமிடன் என்ற இன்னொரு குடியிருப்பில் எடுத்தது கார்போனிஃபெரஸ் காலத்தது, 30 கோடி ஆண்டுக்கும் மேல். இரண்டும் வேறு வேறு தாவரங்களிலிருந்து, வேறு வேறு தட்பவெப்பத்தில் உருவானவை. ஒன்றின் தரத்தை வைத்து மற்றதைப் பேச முடியாது.

சுரங்கங்களின் வரலாற்றையும் தேதியோடு எழுதி வையுங்கள். ஜான் மன்ரோ லாங்யர் என்ற அமெரிக்கர் 1906-இல் தொடங்கிய இடம்தான் லாங்யர்பியன். 1916-இல் ஸ்டோர் நோர்ஸ்கே நிறுவனம் அதை வாங்கியது. நீ-ஓலெசுன் சுரங்கத்தில் 1962 நவம்பரில் நடந்த வெடிவிபத்தில் 21 பேர் இறந்தார்கள். அது நார்வே அரசையே 1963-இல் கவிழ்த்தது, சுரங்கமும் மூடப்பட்டது. சோவியத் சுரங்கமான பிரமிடன் 1998-இல் நின்றது. லாங்யர்பியனின் அனல்மின் நிலையம் 2023-இல் நிலக்கரியைக் கைவிட்டு டீசலுக்கு மாறியது. கடைசி நார்வே சுரங்கமான ஏழாம் எண் சுரங்கம் 2025 கோடையில் மூடப்பட்டது. ரஷ்யர்களின் பாரென்ட்ஸ்பர்க் சுரங்கம் மட்டும் இன்னும் இயங்குகிறது.

இதில் லுங்கெஃபியெல் சுரங்கத்தைத் தனியாகப் பாருங்கள். 2014-இல் திறந்தார்கள். நிலக்கரி இருந்தது, பாதை போட்டாயிற்று, எந்திரமும் வந்தாயிற்று. உலகச் சந்தையில் விலை சரிந்ததால் முழு உற்பத்தி தொடங்கும் முன்பே நிறுத்தி, 2017-இல் நிரந்தரமாக மூட முடிவெடுத்தார்கள். மண்ணுக்குள் இருப்பது மொத்த இருப்பு. அன்றைய விலையில், அன்றைய சட்டத்தில் எடுத்து விற்கக் கூடியதுதான் எடுக்கத்தக்க இருப்பு. செய்திகளில் வரும் பிரம்மாண்டமான எண்கள் அநேகமாக முதல் வகை. உங்கள் குறிப்பில் எது எது என்று பிரித்து எழுதுங்கள்.

எண்ணெய்க்காக 1960-களிலிருந்து 1990-கள் வரை பல கிணறுகள் தோண்டினார்கள். வணிக அளவில் எதுவும் தேறவில்லை. ஆனாலும் எண்ணெய் நிறுவனப் புவியியலாளர்கள் இன்றும் இந்த மலைகளைப் பார்க்க வருகிறார்கள். பாரென்ட்ஸ் கடலுக்கு அடியில் புதைந்துள்ள அதே பாறை அடுக்குகள் இங்கே மேலெழுந்து, மரமோ புதரோ மறைக்காமல், மலைச்சரிவில் திறந்து கிடப்பதுதான் காரணம். லாங்யர்பியனில் 1993 முதல் இயங்கும் யூனிஸ் பல்கலைக்கழக மையம் இந்தச் சரிவுகளை முப்பரிமாணத்தில் படமெடுத்து, ஸ்வால்பாக்ஸ் என்ற பெயரில் பொதுவில் வைத்திருக்கிறது. நேரில் போக முடியாதவர்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இல்லை என்பேன். ஒரு சரிவைத் திறந்து, அடுக்கு அடுக்காக ஒரு மாலை முழுக்கப் பாருங்கள்.

படி 5: உயிர்வளம். எண்ணை மட்டும் எடுக்காதீர்கள், எண்ணிய முறையையும் எடுங்கள்

வால்ரஸை எடுத்துக்கொள்வோம். 350 ஆண்டு வேட்டையில் ஏறக்குறைய அழிந்துபோய், 1952-இல் சட்டப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. 2006 ஆகஸ்டில் விமானத்தில் பறந்து, அவை கரையேறிக் கிடக்கும் இடங்களைப் படமெடுத்து எண்ணினார்கள். படங்களில் இருந்தவை 657. வெளியிட்ட மதிப்பீடோ 2,629. இது எப்படி? அந்த நேரத்தில் பெரும்பாலான வால்ரஸ்கள் கடலுக்குள் இரை தேடிக்கொண்டிருந்தன. தந்தத்தில் பொருத்திய செயற்கைக்கோள் கருவிகள் மூலம், எத்தனை பங்கு நேரம் கரையில் கிடக்கின்றன என்று தெரிந்துகொண்டு, அந்த விகிதத்தால் கணக்கைத் திருத்தினார்கள். 2012-இல் இதே முறையில் 3,886 என்று வந்தது. முறை ஒன்றே என்பதால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒருவர் படத்தில் எண்ணியதை இன்னொருவர் திருத்திய மதிப்பீட்டோடு ஒப்பிட்டால், இல்லாத பெருக்கமும் இல்லாத அழிவும் கணக்கில் தோன்றிவிடும்.

ஸ்வால்பார்ட் ரெயின்டீருக்கும் இதே விதி. 1925 முதல் பாதுகாப்பில் இருக்கிறது. லாங்யர்பியன் அருகே ஆத்வென்ட் பள்ளத்தாக்கில் 1979 முதல் ஆண்டுதோறும் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். குளிர்காலத்தில் பனியின் மேல் மழை பெய்தால் தரையில் பனிக்கட்டி ஓடுபோல் படிந்து மேய்ச்சலை மூடிவிடுகிறது, அடுத்த வசந்தத்தில் பிணங்கள் கிடக்கின்றன. ஒரே ஓர் ஆண்டின் எண்ணை எடுத்து எழுதினால் படம் கோணலாகிவிடும். குறைந்தது பத்தாண்டுத் தொடரைப் பாருங்கள். மோஸ்ய் என்ற கண்காணிப்புத் தளத்தில் இந்த இனங்களின் எண்ணிக்கைத் தொடர்கள் வரைகோடுகளாகவே கிடைக்கின்றன.

வில்தலைத் திமிங்கிலம் பற்றித் தெரிய வேண்டுமானால் பதினேழாம் நூற்றாண்டு டச்சு, ஆங்கிலக் கப்பல் பதிவேடுகளுக்கும் துறைமுக எண்ணெய்ப் பீப்பாய்க் கணக்குகளுக்கும் போக வேண்டும். ஸ்மீரன்பர்க் போன்ற கரைகளில் கொதிகலன் வைத்து உருக்கிய திமிங்கிலக் கொழுப்பின் அளவு அங்கேதான் இருக்கிறது. இன்றைய நிலைக்கு வேறு வழி: கடலுக்கடியில் தொங்கவிட்ட ஒலிவாங்கிகள். கிரீன்லாந்துக்கும் ஸ்வால்பார்டுக்கும் இடையிலுள்ள ஃபிராம் நீரிணையில் 2010 முதல் 2014 வரை செய்த பதிவுகளில் 184 வெவ்வேறு பாடல்கள் கிடைத்தன. கண்ணுக்குச் சிக்காத விலங்கைக் காதால் பிடித்தார்கள்.

படி 6: கடல்

கடல் வளத்தில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும், ஒன்று நீரின் வெப்பம், மற்றது எல்லை. அட்லாண்டிக்கின் இளஞ்சூட்டு நீர் ஃபியோர்டுகளுக்குள் முன்னைவிட அதிகமாகப் புகுகிறது. 2013-இல் ஈஸ்ஃபியோர்டனில் அட்லாண்டிக் கானாங்கெளுத்தி பிடிபட்டது, ஸ்வால்பார்டில் அதுவே முதல் பதிவு. பத்தாண்டுக்கு முந்தைய மீன் பட்டியலை அப்படியே நம்பக் கூடாது.

எல்லை விஷயம் இன்னும் சூடானது. 12 கடல் மைல் வரை உடன்படிக்கை பொருந்தும் என்பதில் சண்டை இல்லை. அதற்கு அப்பால், 200 கடல் மைல் வரை, 1977-இல் நார்வே ஒரு மீன்வளப் பாதுகாப்பு வலயம் அறிவித்தது. அங்கே சம உரிமை உண்டா என்பதில் நாடுகள் ஒத்துப்போகவில்லை. பனிநண்டு பிடித்த லாத்வியா நிறுவனம் தொடுத்த வழக்கில், கண்டத்திட்டுக்கு, அதாவது கரையிலிருந்து கடலுக்கடியில் நீளும் தரைக்கு, உடன்படிக்கை பொருந்தாது என்று நார்வே உச்ச நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நண்டு கடல்தரையில் வாழ்வதால் அது கண்டத்திட்டு வளம். நண்டைப் பற்றிய வழக்குதான், ஆனால் கடலடி எண்ணெய்க்கும் கனிமத்துக்கும் அதே தர்க்கம் போகும். அதனால்தான் எல்லாத் தலைநகரங்களும் அதைப் படித்தன.

படி 7: நேரில் போவதானால்

ஸ்வால்பார்டுக்கு விசா தேவையில்லை. ஆனால் நார்வே வழியாகத்தான் போக முடியும் என்பதால், இந்தியக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் எனும் ஐரோப்பியப் பொது விசா வேண்டும். திரும்பி வரும்போது மீண்டும் ஷெங்கனுக்குள் நுழைவதால் இருமுறை நுழைவு விசாவாகக் கேளுங்கள்.

ஆய்வுத் திட்டத்தை ரிஸ் என்ற தரவுத்தளத்தில் பதிந்து எண் வாங்க வேண்டும். ஆளுநர் அலுவலகத்துக்கான கள அனுமதி விண்ணப்பமும் அதன் வழியாகவே. அதே தளத்தில் மற்றவர்களின் திட்டங்களையும் தேடலாம். நீங்கள் போகாவிட்டாலும் யார் எந்த மலையில் என்ன செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அது ஒரு நல்ல வழி.

கள வேலைக்கு இரண்டு பருவம். ஏப்ரல், மே மாதங்களில் பனியூர்தியில் தூரம் போகலாம், பாறையைப் பார்க்க முடியாது. ஜூலை, ஆகஸ்டில் பாறையைப் பார்க்கலாம், படகில் போகலாம் அல்லது நடக்கலாம். குடியிருப்பை விட்டு வெளியே போகும் எவரும் துருவக்கரடியை விரட்டும் சாதனம் வைத்திருக்க வேண்டும், துப்பாக்கியும் எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள். 2025 முதல் கரடியிடமிருந்து 300 மீட்டர் விலகியிருக்க வேண்டும், மார்ச் முதல் ஜூன் வரை 500 மீட்டர். உங்கள் மாதிரிப் பாறை கரடிக்கு அருகில் இருந்தால் அன்றைக்கு அது கிடையாது, அவ்வளவுதான்.

நீ-ஓலெசுனில் இந்தியாவின் ஹிமாத்ரி நிலையம் 2008 ஜூலை முதல் இயங்குகிறது. அங்கே வைஃபையும் புளூடூத்தும் அணைத்துவிட வேண்டும். வெகுதொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களின் ரேடியோ அலையைக் கேட்டுப் பூமியின் அசைவை அளக்கும் ஆண்டெனாக்கள் அங்கே இருப்பதால் சுற்றிலும் 20 கிலோமீட்டருக்கு ரேடியோ அமைதி. உங்கள் அளவைக் கருவிகள் கம்பியில்லாமல் பேசுபவையா என்று புறப்படும் முன்பே பாருங்கள்.

அதே காங்ஸ்ஃபியோர்டனில் 2014 ஜூலையில் இண்டார்க் என்ற மிதவைத் தொடர் கடலுக்குள் சுமார் 190 மீட்டர் ஆழத்தில் நங்கூரமிடப்பட்டது. நீரின் வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் ஆகியவற்றைக் குளிர்கால இருளிலும் பதிவு செய்கிறது. இதை உருவாக்கியதில் சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனத்துக்குப் பெரும் பங்கு. ஃபியோர்டின் மீன்வளம் பற்றி எழுதப்போகிற தமிழ் மாணவர் முதலில் கதவைத் தட்ட வேண்டிய இடம் அது.

திரும்பி வந்ததும் மாதிரிகளின் ஆயத்தொலைவு, ஆழம், எடுத்த தேதி, உறைந்த நிலையில் எடுத்ததா என்பதைப் பொதுத் தரவுத்தளத்தில் ஏற்றுங்கள். தேடிப்போன தாது அங்கே இல்லை என்றால் அதையும் அதே விவரங்களோடு ஏற்றுங்கள். அடுத்து வருபவர் அந்தச் சரிவில் ஒரு கோடையை மிச்சப்படுத்துவார்.